படகுச் சாப்பாடு

பெண் பார்க்க வருகிறவர்களை வீட்டுக்குக் கூப்பிடலாம். வீடு வேண்டாம் என்றால் கோயிலில் பார்க்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் ஏதாவது ஒரு ஏசி ஹோட்டலில் காபி குடித்துக்கொண்டே பார்த்துவிட்டுப் போகலாம். திருச்சியில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். என் அப்பா முருகானந்தம் ஒரு படகை நாள் முழுவதும் வாடகைக்கு எடுத்தார்.

முக்கொம்புக்கு மேலே, காவிரியில் தண்ணீர் வரும் மாதங்களில் மட்டும் ஓடுகிற படகு அது. போர்டில் 'யாட் உலா' என்று எழுதியிருந்தார்கள். காலையில் ஏறினால் சாயங்காலம் இறங்கலாம். நடுவில் மணல் திட்டில் நீச்சல், மதியம் சாப்பாடு. யாட் என்பதெல்லாம் சும்மா பேச்சுக்கு. ஆலப்புழாவில் ஓடி ஓய்ந்த ஒரு படகை லாரியில் கொண்டுவந்து, வெள்ளைப் பெயின்ட் அடித்து, மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, ஒரு ஸ்பீக்கரையும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அப்பாவுக்கு அதுவே கப்பல். நாங்கள் குடியிருக்கிற கைலாசபுரம் குவார்ட்டர்ஸ் முழுக்க, 'ஞாயிற்றுக்கிழமை யாட்ல போறோம்' என்று சொல்லி வைத்திருந்தார்.

எனக்கு முப்பத்திரண்டு வயது. புத்தூரில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். முட்டி வலி என்று ஸ்ரீரங்கத்திலிருந்து அகிலாண்டம் என்ற அம்மாள் வந்தார். நடக்க முடியாதவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தது அவருடைய மகன் கலையரசன். அம்மாவுக்கு முட்டி சரியானது. எனக்கும் கலைக்கும் பேச்சு வளர்ந்தது. ஏழு மாதமாகத் தினமும் போன். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. சுற்றி வளைத்துச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். இதற்கு முன் என்னை வந்து பார்த்துவிட்டு, 'சொல்லி அனுப்புறோம்' என்று போனவர்கள் யாரும் எதையும் சொல்லி அனுப்பவில்லை. அப்போதெல்லாம் எனக்குப் பெரிதாக வலிக்கவும் இல்லை. இந்தத் தடவை வலிக்கும் என்று தெரிந்திருந்தது.

கலை தன் அம்மாவிடம் பேசி ஒருவழியாகச் சம்மதம் வாங்கினான். ஆனால் அந்தம்மா வீட்டுக்கு வர மாட்டேன் என்றுவிட்டார். 'பொண்ணு பாக்க வர்றோம்னு ஊர்ல பேச்சு வேணாம். பொதுவா எங்கயாவது பாத்துக்குவோம்.' அப்பாவுக்கு அந்தப் 'பொதுவா' என்ற சொல் போதுமாக இருந்தது. மறுநாளே படகைப் பேசி முடித்துவிட்டார்.

அகிலாண்டம்மாள் போனில் ஒன்றே ஒன்று கேட்டார். அப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எங்கள் மூன்று பேருக்குமே கேட்டது.

"சாப்பாடெல்லாம் போட்டுக்காரங்களே குடுத்துருவாங்கல்ல?"

"ஆமாங்கம்மா. டிக்கெட்லயே சேத்திதான்."

"அப்படின்னா வர்றோம். நீங்க வீட்லேருந்து எதும் செஞ்சு கொண்டாந்து சிரமப்பட வேணாம்."

அந்த அக்கறைக்கு அர்த்தம் எங்கள் மூவருக்கும் புரிந்தது. சம்பந்தம் முடிவாகிற வரை பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் சோறு சாப்பிட மாட்டார்கள். காபி குடிக்கலாம், பஜ்ஜியில் ஒரு கடி கடிக்கலாம். கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பெண் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டுப் பெண் வேண்டாம் என்று சொன்னால் அந்தக் குடும்பம் விளங்காது என்பது எங்கள் இரண்டு வீட்டாருக்கும் பொதுவான நம்பிக்கை.

அப்பா போனை வைத்தார். பிறகு அம்மாவிடம், "நீ சமைச்சிரு" என்றார்.

"அவங்கதான் வேணாங்கிறாங்களே."

"போட்டுக்காரன்கிட்ட நான் பேசிக்கிறேன். அவன் பாத்திரத்துல மாத்தி, அவன் ஆளுங்களை விட்டே பரிமாறச் சொல்லிருவோம். சாப்ட்டு முடிக்கட்டும். அப்புறம் சிரிச்சிக்கிட்டே சொல்லிக்கலாம். நம்ம வீட்டுச் சோத்தத் தின்னுட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வேணாம்னு சொல்லுவாங்க?"

"பொய் சொல்லிச் சோறு போடுறதாங்க? பாவங்க."

"நம்ம பொண்ணு இப்படியே நிக்கிறா பாரு, அதைவிடப் பாவமா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். சோற்றையே மறைக்கக் கிளம்பியவர் என் அப்பா ஒருவர்தான். எனக்கு வாய் நீளம் என்பது கிளினிக்கிலும் குவார்ட்டர்ஸிலும் பிரசித்தம். அன்று அந்த வாயைத் திறக்கவில்லை. அவர்கள் சாப்பிட்டுவிட்டால் காரியம் முடிந்துவிடுமே என்று எனக்கும் உள்ளுக்குள் ஓடியது.

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் வருவதற்குள் நாங்கள் போய், தூக்குகளையும் டப்பாக்களையும் படகின் பின்பக்கம் இருந்த சமையலறையில் ஏற்றிவிட்டோம். படகை ஓட்டுகிற பெஞ்சமின் வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார். அப்பா விஷயத்தைச் சொன்னபோது தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"பின்னாடி ஏதும் பிரச்சினை வராதுல்ல சார்?"

"கல்யாணந்தாங்க வரும்" என்றார் அப்பா.

ஸ்ரீரங்கத்திலிருந்து கார் வந்தது. முதலில் இறங்கியவர் அகிலாண்டம்மாளின் தம்பி பாலு. கலைக்கு அப்பா இல்லாததால் தாய்மாமன்தான் எல்லாம். முசிறியில் வாழைத்தோப்பு வைத்திருக்கிறார். கூலிங் கிளாஸும் கழுத்தில் பூப்போட்ட துண்டுமாகப் பிக்னிக்குக்கு வந்தவர் போலவே இருந்தார். அடுத்தது அகிலாண்டம்மாள். கையில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில். எங்கள் தண்ணீரைக்கூடத் தொட மாட்டார் என்று அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கடைசியாகக் கலை. அரை டவுசர், தோளில் டவல். என்னைப் பார்த்து எப்போதும் போலச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நம்பித்தான் நான் பட்டுப்புடவை வேண்டாம் என்று அம்மாவிடம் சண்டை போட்டுச் சுடிதாரில் வந்திருந்தேன். அவனோடு தண்ணீரில் இறங்க வேண்டும் என்று ஆசை.

"முட்டி எப்படிம்மா இருக்கு?" என்று அந்தம்மாவிடம் கேட்டேன்.

"இருக்கு" என்றார். கிளினிக்கில் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'உன் கை பட்டாலே வலி போயிடுதுடி கண்ணு' என்று சொன்ன அதே வாய்.

படகு மேற்கே போனது. இரண்டு கரையிலும் வாழை, அதைத் தாண்டித் தென்னை, நடுவில் புதுத் தண்ணீர் கலங்கலாகப் பரந்து கிடந்தது. அப்பா ஒவ்வொன்றையும் தன் கையால் செய்த மாதிரி காட்டிக்கொண்டே வந்தார். "அதோ பாருங்க நாரை." "அதோ பாருங்க பரிசல்." அகிலாண்டம்மாள் அப்பா காட்டிய பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் மடியில் இருந்த பாட்டிலைப் பார்த்துக்கொண்டார். அம்மா ஒரு தட்டில் முறுக்கு கொண்டுவந்து நீட்டினாள்.

"வேணாங்க" என்றார் அகிலாண்டம்மாள்.

"ஒன்னே ஒன்னு..."

பாலு மாமா கை நீட்டப் போனார். அக்கா பார்த்த பார்வையில் கை திரும்பிவிட்டது. சமாளிப்பதற்காக அவர் ஒரு கதை சொன்னார். "தப்பா நெனச்சுக்காதீங்க சார். எங்க சித்தப்பா ஒருத்தர் பொண்ணு பாக்கப் போன எடத்துல பசி தாங்காம சாப்ட்டுட்டாரு. அப்புறம் பொண்ணு வேணாம்னுட்டாரு. அந்த வருஷமே காத்தடிச்சு மொத்தத் தோப்பும் படுத்துருச்சு. மனுசனும் அதோட படுத்தவருதான். அதுலேருந்து எங்க குடும்பத்துல இந்த விஷயத்துல ரொம்ப கரெக்டு."

"கரெக்டா இருக்கிறதுதாங்க நல்லது" என்றார் அப்பா. மீசைக்குள் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மணல் திட்டு வந்தது. பெஞ்சமின் படகை நிறுத்தி, இடுப்பளவு தண்ணீர் வரை கயிறு கட்டி, எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் கொடுத்தார். கலை அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குதித்தான். முசிறியில் மாமன் வீட்டில் வளர்ந்தவன், ஆறு அவனுக்குக் கூடம் மாதிரி. மல்லாந்து மிதந்தான், முங்கினான், எங்கோ போய் எழுந்தான். பாலு மாமா கரையோரம் எருமை மாதிரி உட்கார்ந்துகொண்டார். நான் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கயிற்றைப் பிடித்து இறங்கினேன். கலை வந்து என் கையைப் பிடித்துக் கொஞ்சம் ஆழத்துக்குக் கூட்டிப்போனான். தண்ணீர் சில்லென்று இருந்தது. சந்தோஷமாக இருந்தேன். அந்த நாளில் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் நான் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தேன்.

"கலை, உங்கம்மா ஏன் இப்படி உர்ருன்னு இருக்காங்க?"

"அம்மா அப்படித்தான். விடு."

"என்னைப் பத்தி என்ன சொன்னாங்க?"

"ஏய், இங்க பாரு, அடில மீன் ஓடுது" என்று சொல்லிவிட்டு முங்கினான். எழுந்தது கயிற்றுக்கு அந்தப் பக்கம். அவன் மூச்சுப் பிடிக்கிற அழகை நான் ரசித்துக்கொண்டு நின்றேன். புத்தி இருந்திருந்தால் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பேன்.

தண்ணீரில் ஆடினால் பசி வயிற்றைக் கிள்ளும். அப்பா அதையும் கணக்குப் போட்டுத்தான் நீச்சலுக்குப் பிறகு சாப்பாடு என்று வைத்திருந்தார். ஈரம் துடைத்து வந்தபோது கீழ்த்தளத்தில் மேசையில் இலை போட்டிருந்தது. பெஞ்சமினின் ஆட்கள் இருவர் வரிசையாகப் பரிமாறினார்கள். வாழைப்பூ வடை, உருளைக்கிழங்கு வறுவல், அவியல், முருங்கைக்காய் சாம்பார், சுண்டைக்காய் வத்தக்குழம்பு. எல்லாம் அம்மாவின் கை. அம்மாவோ, தனக்கு எதுவும் சம்பந்தமில்லாதது போலத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் விரல்கள் மட்டும் தூணைத் தட்டிக்கொண்டே இருந்தன.

"போட்ல இலையெல்லாம் போடுறாங்களே" என்றார் அகிலாண்டம்மாள் சந்தேகமாக.

"இங்க அப்படித்தாங்கம்மா" என்றார் பெஞ்சமின். நல்ல மனிதர், பொய் சொல்லிப் பழக்கமில்லை. சொல்லிவிட்டு எஞ்சின் பக்கம் ஓடியேபோனார்.

அந்தம்மா உட்கார்ந்தார். சோற்றில் சாம்பாரை விட்டுப் பிசைந்தார். அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் ஒரு கையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கை வாய்க்குப் போனது. அப்பா கண்ணை மூடித் திறந்தார். ஏதோ சாமியைக் கும்பிட்டிருப்பார். எந்தச் சாமி இதற்கெல்லாம் துணை போகும் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் மறக்க மாட்டேன். அவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள். பாலு மாமா வத்தக்குழம்பை மூன்று தடவை வாங்கினார். கலை வடையை எண்ணாமல் தின்றான். அகிலாண்டம்மாளின் முகம்கூடத் தளர்ந்தது. "ஓட்டல் சாப்பாடு மாதிரியே இல்லையே. வீட்டுப் பக்குவமா இருக்கு" என்றார். அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. பொய்யாகக் கிடைத்தாலும் பாராட்டு பாராட்டுதான் போலிருக்கிறது. நாங்கள் அப்புறம் சாப்பிடுகிறோம் என்று சொல்லி அவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தோம். பெண் வீட்டார் என்றால் அப்படித்தான், படகாக இருந்தாலும்.

பாயசம் வந்தது. மற்ற எல்லாவற்றையும் படகுப் பாத்திரங்களுக்கு மாற்றிய அம்மா, பாயசத்தை மட்டும் ஆறிவிடுமே என்று அது இருந்த எவர்சில்வர் தூக்கிலேயே விட்டிருந்தாள். பரிமாறிய ஆள் ஒரு சுற்று ஊற்றிவிட்டு, தூக்கை மேசை மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். பாலு மாமா இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொள்ள அதைத் தன் பக்கம் இழுத்தார்.

எங்கள் வீடுகளில் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டாமல் வைக்க மாட்டார்கள். கரண்டிக்குக்கூடப் பெயர் உண்டு. அந்தத் தூக்கு நான் வயதுக்கு வந்தபோது சீராக வந்தது.

பாலு மாமா கூலிங் கிளாஸை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சத்தமாகப் படித்தார். "செல்வி மு. தேவதர்ஷினி மஞ்சள் நீராட்டு விழா. அன்பளிப்பு..." அவருக்கே குரல் இறங்கிவிட்டது. "தேவதர்ஷினின்னா... பொண்ணு பேருல்ல?"

அகிலாண்டம்மாள் இலையைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வேறு சாட்சி தேவைப்படவில்லை.

மாட்டிக்கொண்டால் தலை குனிகிற வழக்கம் அப்பாவுக்குக் கிடையாது. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு முன்னால் வந்தார். "சம்பந்தி, நீங்க சாப்ட்டது எங்க வீட்டுச் சோறு. விடியக்காலைல எந்திரிச்சு என் வீட்டுக்காரி கையால செஞ்சது. வாய் நெறையாப் பாராட்டினீங்க. இனிமே நாம ஒரே குடும்பம்."

"யாரு சம்பந்தி?" என்றார் அகிலாண்டம்மாள். "போட்டுச் சாப்பாடான்னு கேட்டுத்தானே வந்தேன்? சோத்துல போயி ஏமாத்துவீங்களா? நாங்க வேணாம்னு முடிவு பண்ணிட்டுல்ல வந்தோம்!"

படகு திரும்பத் தொடங்கியிருந்தது.

"முடிவு பண்ணிட்டா?" அப்பாவின் கை கூப்பியபடியே இருந்தது. "அப்புறம் எதுக்கும்மா வந்தீங்க?"

"மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்றது மரியாதையா? வந்து பாத்துட்டுப் போயி, ஒரு வாரம் கழிச்சு ஜாதகம் சேரலன்னு சொல்லி அனுப்பலாம்னு இருந்தோம். விசாரிச்ச எடத்துலல்லாம் பொண்ணுக்கு வாய் அதிகம்னாங்க. முட்டிக்கு வைத்தியம் பாக்கறது வேற, எங்க வீட்டுக்கு மருமகளா வர்றது வேற." கையைக்கூடக் கழுவாமல் தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டு மாடிக்கு ஏறிப்போனார். முட்டி வலிக்காமல் நன்றாகவே ஏறினார். என் வைத்தியம்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா எச்சில் இலைகளை எடுக்க ஆரம்பித்தாள். கலை படகின் முன்பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் அவன் பின்னால் போனேன்.

"உனக்குத் தெரியுமா?"

"தேவி, சத்தம் போடாத. ப்ளீஸ்."

"எப்ப தெரியும்?"

"வியாழக்கெழம. அம்மா ரொம்ப உறுதியா சொல்லிட்டாங்க. நான் பேசிப் பாத்தேன்."

"நேத்து போன்ல என்கிட்ட டவுசர் எடுத்துட்டு வரட்டுமான்னு கேட்ட. அம்மா வேணாம்னுட்டாங்கன்னு சொல்லலையே?"

"ஒரு நாள் சந்தோஷமா இருந்துட்டு வருவோமே, எதுக்குக் கெடுக்கணும்னு நெனச்சேன். நானே சொல்லலாம்னுதான் இருந்தேன். அடுத்த வாரம்."

அடுத்த வாரம். தண்ணீருக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவனுக்கு அந்த அடுத்த வாரம் தெரியும். வடையைத் தின்றபோது தெரியும். என் அப்பா நாரையைக் காட்டியபோது, 'ஆமா அங்கிள், சூப்பர்' என்று சொன்னபோதும் தெரியும். என் அப்பா பொய் சொன்னார், ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பொய்யில் ஒரு தவிப்பாவது இருந்தது. இவன் பொய்யில் என்ன இருந்தது? ஒரு நாள் நீச்சல். எனக்கு வந்த கோபத்தில் அவனை அப்படியே ஆற்றில் தள்ளியிருப்பேன். தள்ளினால் என்ன, நீந்திக் கரை சேர்ந்துவிடுவான். அவனுக்குத்தான் நன்றாக வருமே.

"உங்கப்பா பண்ணது தப்புதான்" என்றான். "ஆனா ஒரு வகைல நல்லதாப் போச்சு தேவி. அம்மா இந்த விஷயத்துல ரொம்ப பயப்படுவாங்க. இப்ப பாரு, ஒத்துக்குவாங்க."

அவன் சொன்னது சரிதான். மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அகிலாண்டம்மாளின் முகம் இழவு வீட்டுக்குப் போய் வந்த முகமாக இருந்தது. பாலு மாமா பின்னால் வந்தார், கூலிங் கிளாஸ் இல்லாமல்.

"முருகானந்தம் சார்" என்றார் அந்தம்மா. "தெரிஞ்சு தின்னாலும் தெரியாம தின்னாலும் சோறு சோறுதான். இனிமே நான் மாத்திப் பேசி, என் ஒத்தப் புள்ளைக்கு ஒன்னு ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது. ஐப்பசில ஒரு முகூர்த்தம் பாருங்க. முடிச்சிருவோம்."

அப்பா துள்ளி எழுந்தார். "அம்மா... தாயே..." என்று மறுபடியும் கை கூப்பினார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பெஞ்சமின் எஞ்சின் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, ஆபத்து நீங்கியது என்று தெரிந்து, தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஏழு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். கால் தொட்டுக் கும்பிட வேண்டிய நேரம். என் கால் நகரவில்லை. அந்த வீட்டில் நான் எப்படி இருப்பேன் என்று தெரிந்துவிட்டது. உப்புக் கொஞ்சம் கூடினால், சோற்றைக் காட்டி வந்தவள். அவனுக்கு ஜுரம் வந்தால், ஏமாற்றிப் போட்ட சோற்றால் வந்தது. அதையெல்லாம்கூடத் தாங்கியிருப்பேன், எனக்கு வாய் இருக்கிறது, பேசிச் சமாளித்திருப்பேன். இவன் மட்டும் வியாழக்கிழமை போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்.

"வேண்டாம்ப்பா" என்றேன்.

"என்னம்மா?"

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். அவங்க சாப்ட்டதுக்காக நான் போய் அந்த வீட்ல வாழ முடியாது."

"பைத்தியமாடி உனக்கு?" அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அவங்களே எறங்கி வந்துட்டாங்க. வாய மூடு. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க, அவ ஏதோ ரோஷத்துல..."

"ரோஷந்தாம்மா. வேணாம்னா வேணாம்."

பாலு மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு அக்காவின் காதோரம் குனிந்தார். மெதுவாகச் சொல்வதாக அவர் நினைத்துக்கொண்டார், எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "அக்கா, பொண்ணு வீட்லேருந்தே வேணாம்னு வந்துட்டா நம்ம மேல ஒன்னும் இல்லக்கா. தோஷம் நமக்கில்ல."

அகிலாண்டம்மாளின் முகத்தில் அன்று முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. நேராக என்னிடம் வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்துச் சொடுக்கினார்.

"தங்கமான பொண்ணுடி கண்ணு நீ. என்னென்னமோ சொன்னாங்க, எனக்குத்தான் தெரியாமப் போச்சு. நல்லா இருப்ப. உனக்குன்னு ஒருத்தன் எங்கயோ பொறந்திருப்பான்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கரையில் ஓடுகிற வாழைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கலையைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொன்னபோது நான் ரொம்ப நிமிர்ந்துதான் நின்றேன். ஆனால் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது, அவன் ஒரு அடி எடுத்து வைப்பான் என்று எதிர்பார்த்துத்தான் சொல்லியிருக்கிறேன். 'இரு தேவி' என்று ஒரு வார்த்தை. அம்மா முன்னால், மாமா முன்னால் ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் வியாழக்கிழமையையும் மறந்திருப்பேன், அத்தனை பேர் முன்னாலும் வெட்கமில்லாமல் சரி என்றிருப்பேன்.

அவன் கம்பியிலிருந்து கையை எடுத்தான். காலையிலிருந்து அடைத்து வைத்திருந்த மூச்சை நிதானமாக வெளியே விட்டான். தோள் இறங்கியது. தன் அம்மாவின் முகத்தில் இருந்த அதே நிம்மதி, அதே ஜாடையில், அவன் முகத்திலும் இருந்தது. ஈர டவலை எடுத்து உதறிக் காயப்போட்டான். பிறகு பின்பக்கம் திரும்பி, கரைக்கு இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டான்.

எதிர்க்காற்று அடிக்கிறது, இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார் பெஞ்சமின்.